வினிகரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் அது ஊறுகாயா?

சின்னவெங்காயம்:
போன ஞாயிறு கால் கிலோ கேரட், ஒரு வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் நறுக்கிக் கண்ணாடி பாட்டிலில் அடைத்தேன். வினிகர், தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, கடுகு, நாலு மிளகு சேர்த்துக் கொதிக்கவைத்து மேலே ஊற்றினேன். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. மறுநாள் மதியம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். வெங்காயம் லேசாக ரோஸ் நிறமாகி, கடித்தால் நறுக்கென்று இருந்தது. மாமியார் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஊறுகாய் இல்லம்மா, ஊறப்போட்ட காய்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேர வேலை, சொட்டு எண்ணெய் கிடையாது. எங்கள் வாடகை வீட்டு பால்கனியில் வெயிலே வராது. ஜாடி ஊறுகாய்க்கு நான் எங்கே போவேன்?

ஜாடிமூடி:
மாமியார் சொன்னதுதான் சரி. ஊறுகாய் என்றால் காய் தன் தண்ணீரிலேயே ஊற வேண்டும். மாவடு போடும்போது பாருங்கள். வடுவைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெயில் புரட்டி, கல்லுப்பு போட்டு, தினமும் ஜாடியைக் குலுக்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் தானே தண்ணீர் விடும். அப்புறம் தோல் சுருங்க ஆரம்பிக்கும். மிளகாய், கடுகு, மஞ்சள் அரைத்துச் சேர்த்து வேடு கட்டி வைத்தால், எங்கள் வீட்டில் அடுத்த வடு வரும்வரை நிற்கும். ஃப்ரிட்ஜுக்குள் போனதே இல்லை. வினிகர் எல்லாக் காய்க்கும் ஒரே புளிப்பைக் கொடுத்துவிடுகிறது. கேரட் எது, வெங்காயம் எது என்று நாக்குக்குத் தெரிய வேண்டாமா?

சின்னவெங்காயம்:
அண்ணா, மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் புளிப்பு பிறவியிலேயே இருக்கிறது. கேரட்டுக்கும் காலிஃப்ளவருக்கும் யார் கொடுப்பது? அப்புறம், கல்யாண வீட்டில் அன்று காலையில் மாங்காயைப் பொடியாக நறுக்கி, மிளகாய்ப்பொடி போட்டு, கடுகு பெருங்காயம் தாளித்துக் கொட்டுகிறார்களே, அதை ஊறுகாய் என்றுதானே இலையில் வைக்கிறார்கள்? அது எத்தனை நாள் ஊறியது?

ஜாடிமூடி:
அது அந்தப் பந்தியோடு தீர்ந்துவிடும், யாரும் மூன்று வாரம் வைத்துச் சாப்பிடுவதில்லை. என் பயமே அங்கேதான். என் தம்பி வீட்டில் இதே மாதிரி ஒரு பாட்டிலை, ஊறுகாய்தானே, கெடாது என்று நாலு நாள் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டார்கள். மூடியைத் திருகியதும் புஸ் என்று சத்தம். தண்ணீர் கலங்கி, கேரட் கொழகொழத்துப் போயிருந்தது. ஊறுகாய் என்ற பெயர்தான் அவர்களை ஏமாற்றியது.

சோதனைக்குழாய்:
உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். பெயரை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்குக் கவலை புளிப்பின் அளவுதான். அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் எண் (புளிப்பு கூடினால் இது குறையும்) 4.6க்குக் கீழே இருந்தால், பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. பச்சைக் கேரட் 6ஐ ஒட்டி இருக்கும், அதைக் கீழே இறக்குவது வினிகர் மட்டும்தான்.

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வினிகரும் தண்ணீரும் சமபங்கு என்று இருக்கும். அது 5 சதவீத அமிலம் உள்ள வினிகருக்கான கணக்கு. நம் கடைகளில் வாங்கும் வெள்ளை வினிகர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் 4 சதவீதம்தான் இருக்கும். அதே புளிப்பு வர வேண்டுமென்றால் 250 மில்லி வினிகருக்கு 150 மில்லி தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. புளிப்பு தாங்கவில்லை என்றால் சர்க்கரையைக் கூட்டுங்கள், வினிகரைக் குறைக்காதீர்கள். அப்படிப் போட்டாலும் இது குளிரில் இருக்க வேண்டிய பொருள்தான். சாப்பாட்டுக்கு எடுத்ததும் பாட்டில் உள்ளே போய்விட வேண்டும், இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். பூண்டு போட்டால் சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். அது கெட்டதன் அறிகுறி இல்லை, பயப்படாதீர்கள்.

சின்னவெங்காயம்:
பையனுக்குப் புளிக்குமே என்று ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றியிருந்தேன். இப்போதுதான் லேபிளைப் பார்த்தேன், 4 சதவீதம். மீதியைக் கொட்டிவிட்டேன். நாளைக்கு உங்கள் அளவில் புதிதாகப் போடுகிறேன். ரொம்ப நன்றி அக்கா. ஆனால் ஜாடிமூடி அண்ணா, இதுவும் ஊறுகாய்தான் என்பதில் மாற்றமில்லை. கையகல இடம் இருக்கிறவர்களுக்கும் ஒரு ஊறுகாய் வேண்டும்.

ஜாடிமூடி:
பெயரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வெயில் இல்லை என்றீர்களே, அது மனதில் நிற்கிறது. மாவடுவுக்கு வெயிலே வேண்டாம்மா. மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும். அடிபடாத, காம்பு ஒட்டிய வடுவாக ஒரு கிலோ வாங்குங்கள். நான் கிலோவுக்கு 150 கிராம் கல்லுப்பு போடுவேன். சமையலறை மூலையில் ஒரு ஜாடி வைக்கிற இடம் போதும், தினமும் குலுக்க மட்டும் மறக்காதீர்கள்.

சின்னவெங்காயம்:
ஜாடி மாமியாரிடம் இருக்கிறது, கேட்டு வாங்கி வைக்கிறேன். பீங்கான்தான், ஆனால் மூடியில் சின்ன விரிசல் இருக்கிறது. பரவாயில்லையா?

ஜாடிமூடி:
மூடி எதற்கு? வெள்ளைத்துணியால் வேடு கட்டுங்கள், போதும். ஜாடிக்குள் மட்டும் ஈரம் இருக்கக் கூடாது.