புதுப்பிப்பு: பிரேக் போட்டால் மங்கிய டிரெய்லர் விளக்குகள் – கோளாறு தீர்ந்தது

பழைய டிரெய்லரில் பிரேக்கை மிதித்தால் பின்விளக்குகள் மங்குகின்றன, இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குகிறது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முழு வயரிங்கையும் மாற்றுமுன் எர்த்தை, அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழியை, சோதியுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. பிரேக் விளக்கு எரியும்போது, விளக்கின் எர்த் முனைக்கும் இழுக்கும் வண்டியின் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட் காட்டியது. இணைப்பு நன்றாக இருந்தால் அது அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாது. துருப்பிடித்த சட்டமும் கிரீஸ் படிந்த கொக்கியுமே இதுவரை எர்த்தாக இருந்திருக்கின்றன. அவ்வழி அடைபட்டதால், மின்னோட்டம் இரட்டை இழை பல்பின் (பிரேக்குக்கு ஓர் இழை, பின்விளக்குக்கு ஓர் இழை) மற்ற இழை வழியாகத் திரும்பி, எரியக் கூடாத விளக்கையும் எரியவைத்தது.

டிரெய்லரை வண்டியுடன் இணைக்கும் பிளக்கின் எர்த் முனையிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரைத் தனியாக இழுத்து, சட்டத்தையும் ஓரிடத்தில், பளபளக்கும் வரை பெயிண்டைச் சுரண்டி, அதனுடன் போல்ட் போட்டு இணைத்தேன். இப்போது மீட்டர் 0.1 வோல்ட்டுக்குக் கீழே நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று: எர்த் சரியானதும் இண்டிகேட்டர் ஃபியூஸ் போய்விட்டது. அச்சுக்கு மேலே, சட்டத்தின் துளை விளிம்பில் உராய்ந்து இண்டிகேட்டர் வயரின் உறை கிழிந்து, நகக்கண் அளவு செம்பு வெளியே தெரிந்து சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எர்த் மோசமாக இருந்தவரை ஃபியூஸை உருக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயவில்லை, அவ்வளவுதான். அந்தத் துண்டை மாற்றி, துளையில் ரப்பர் வளையம் செருகியபின் ஃபியூஸ் போகவில்லை.