யூகே குளிர்ல தொட்டியில பம்பளிமாஸ் வருமா?

வணக்கம், லெஸ்டருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வாடகை வீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய கிரீன்ஹவுஸ் சும்மா கிடக்கு, ஓனர் செடி வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. ஊர்ல எங்க வீட்டுல பம்பளிமாஸ் மரம் இருக்கு, அடுத்த தடவை போறப்ப ஒரு கன்னு எடுத்துட்டு வரலாமா?

பதில்:

கன்னு எடுத்துட்டு வர்ற ஐடியாவ முதல்ல விட்டுடுங்க தம்பி. சிட்ரஸ், அதாவது எலுமிச்சை ஆரஞ்சு குடும்பத்துச் செடி, கிளை, இலை எதையும் ஊர்ல இருந்து பெட்டியில போட்டு இங்க கொண்டு வரக்கூடாது. சிட்ரஸ் கிரீனிங்னு ஒரு நோய் இருக்கு, துளியூண்டு பூச்சி வழியா பரவும், வந்த மரத்துக்கு வைத்தியமே கிடையாது, ஃப்ளோரிடால 2005ல கண்டுபிடிச்சாங்க, அங்க ஆரஞ்சுத் தோட்டங்கள் பாதி காலியானதுக்கு அதுதான் பெரிய காரணம். விதை போட்டா முளைக்கும், ஆனா பம்பளிமாஸ் விதைக்கன்னு தாய் மரம் மாதிரியே வராது, காய்க்கவும் பல வருஷம் ஆகும். அதனால இங்கயே சிட்ரஸ் நர்சரில ஒட்டுச்செடியா வாங்குங்க.

இன்னொன்னு, காய்க்குறது வேற இனிக்குறது வேற. பம்பளிமாஸ் இனிக்க மாசக்கணக்குல நல்ல வெயில் வேணும், இங்க கண்ணாடிக்குள்ள வச்சாலும் பெரும்பாலும் தோல் தடிச்சு புளிப்பும் கசப்புமாத்தான் வரும். என்னைக் கேட்டா ஓரோபிளாங்கோ கிடைக்குதான்னு பாருங்க, பம்பளிமாஸையும் கிரேப்ஃப்ரூட்டையும் சேர்த்து கலிஃபோர்னியால உருவாக்கின ரகம், இயல்பாவே புளிப்பு கம்மி, அதனால சூடு கொஞ்சம் குறைஞ்சாலும் வாயில வைக்க முடியும், விதையும் அநேகமா இருக்காது.

சரி, குளிர்காலம். இங்கதான் முக்காவாசிப் பேர் செடியக் கொல்றாங்க, அதுவும் குளிரால இல்ல, தண்ணியால. மண்ணு 12, 13 டிகிரிக்குக் கீழ போனா வேர் கிட்டத்தட்ட வேலைய நிறுத்திடும், அதே நேரம் கண்ணாடி வழியா இலை மேல வெயில் அடிச்சா இலை தண்ணி கேக்கும் வேரால குடுக்க முடியாது, உடனே இலை கொட்டும், நம்மாளுங்க ஐயோ காயுதேன்னு இன்னும் ஊத்துவாங்க, வேர் அழுகிடும். மேல் மண்ணு காஞ்சப்புறம் மட்டும் ஊத்துங்க, தொட்டிய கல் தரையில வைக்காம மரப்பலகை மேல வைங்க. உறைபனி படவே கூடாது, கிரீன்ஹவுஸ் உள்ள 5 டிகிரிக்குக் கீழ போகாம பாத்துக்கோங்க.

வெளிச்சமும் அதே அளவு முக்கியம். லண்டன் கியூ தோட்டத்துல 1761ல சிட்ரஸுக்குன்னே ஆரஞ்சரின்னு ஒரு கட்டடம் கட்டினாங்க, பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும், ஆனா உள்ள வெளிச்சம் பத்தாம மரம் சரியா வரல, இப்ப அது ரெஸ்டாரண்ட் 😄 அதனால கண்ணாடிய அக்டோபர்லயே நல்லா கழுவிடுங்க. ஹீட்டிங் போட்ட ஹால்ல ரேடியேட்டர் பக்கத்துல மட்டும் வச்சுடாதீங்க, காத்து காஞ்சு சிவப்பு சிலந்திப்பூச்சி வந்துடும்.

மே கடைசில வெளிய எடுங்க, முதல் வாரம் நிழல்ல, இல்லன்னா இலை கருகிடும். ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழ மூணு மூணு இலையா துளிர் வந்தா கிள்ளிடுங்க, அது அடிமரத்தோடது.

அக்கா ரொம்ப நன்றி, ஹீட்டர் போட்டா கரண்ட் பில் எகிறுமா?

பதில்:

எகிறும் தம்பி, முழு கிரீன்ஹவுஸையும் சூடாக்கினா. உள்பக்கம் பபிள் ராப் ஒட்டுங்க, தெர்மோஸ்டாட் இருக்குற சின்ன ஹீட்டர் போதும். செடி ஒண்ணே ஒண்ணுதான்னா ஹீட்டிங் இல்லாத வெளிச்சமான ரூம் ஜன்னல் இருந்தா மார்ச் வரைக்கும் அங்கயே வைங்க, செலவே இல்ல.