மலைக் குளிரில் வீட்டு ஆர்கிட்: கார்த்திகை ஈரமும் மார்கழி உறைபனியும்

(மலையூர்களில் ஆர்கிட் வளர்ப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. பேசுபவரின் ஊரே தலைப்பு.)

குன்னூர்

"குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது நம்ம மலைக்குப் பாதிதான் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவில் நாள்கணக்கில் மஞ்சு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். வெளிச்சம் இருக்காது, தொட்டி காயாது. மார்கழி பாதிக்கு மேல் வானம் வெளுத்துவிடும். பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரி நடுக்கம், காற்றில் ஈரமே இருக்காது. முதல் பாதியில் செடி அழுகும். இரண்டாம் பாதியில் இலை கருகும், மொட்டு உதிரும். இரண்டுக்கும் ஒரே கவனிப்பு என்றால் ஏதாவது ஒன்றில் மாட்டும்.

ஃபெலனாப்சிஸ் வகை ஆர்கிட், 5 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, மரப்பட்டைக் கலவை என்று வைத்துக்கொண்டால் கார்த்திகையில் 10–12 நாளுக்கு ஒரு தடவை போதும். தை மாதத்தில் அதே தொட்டிக்கு 6–7 நாளில் தண்ணீர் வேண்டியிருக்கும். ஆனால் நாளை எண்ணி ஊற்றாதீர்கள். மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் நடுவரை செருகி, 20 நிமிடம் விட்டு உருவி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, வெள்ளி நிறமானால் காய்ந்திருக்கிறது என்பது தொட்டி ஓரத்து வேருக்குத்தான் சரி. கடையில் வாங்கும் செடியில் மேலே மரப்பட்டை தெரியும்; நடுவில் நாற்றுப் பருவத்தில் வைத்த பாசிக் கட்டி அப்படியே இருக்கும். ஓரம் காய்ந்தாலும் அந்தக் கட்டி சொதசொதவென்று இருந்து வேரைத் தின்றுவிடும்.

வெள்ளைப் பூவில் கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள் வருகிறதா? அது உரக் குறைவு இல்லை. காற்று அசையாத ஈரத்தில் வரும் போட்ரைட்டிஸ் பூஞ்சை. பூவின் மேல் மருந்தடித்தால் மருந்தே கறை போடும். புள்ளி விழுந்த பூவைக் கிள்ளி வீட்டுக்கு வெளியே போட்டுவிட்டு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றைச் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள். காற்று சுவரில் பட்டுத் திரும்பி வர வேண்டும், நேராகப் பூவில் அடிக்கக் கூடாது. மழை மாதங்களில் ராத்திரியும் நிறுத்த வேண்டாம்.

ஊட்டி

குன்னூர் அண்ணன் சொன்னதில் பாதி எங்களுக்குக் கிடையாது, எங்களுக்குப் பனிதான் தலைவலி. முதலில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிச் செடி இலை உயரத்தில் வையுங்கள். ஹாலில் 15 டிகிரி இருக்கும்போது ஜன்னல் திண்டில் 9 இருக்கும். உறைபனி விழுவது மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் வெளுத்துக் கிடக்கும் அன்றைக்கு மேட்டு வீட்டுத் தோட்டத்தில் ஒன்றுமே இருக்காது. பக்கத்துத் தெருக்காரர் அளவை நம்பி உங்கள் செடியை வைக்காதீர்கள்.

ஃபெலனாப்சிஸுக்கு ராத்திரி 15–16 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. கேட்லியா வகை ஆர்கிட் 13 வரை தாங்கும். சிம்பிடியம் வகை 5 டிகிரியிலும் சாகாது, ஆனால் மொட்டு வந்த தண்டில் உறைபனி பட்டால் அந்த வருஷப் பூ போச்சு.

திரைச்சீலை விஷயத்தில் பலரும் தப்பு செய்கிறார்கள். சாயங்காலம் திரையை இழுத்துவிடும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அறைச் சூடு அதற்குப் போகாது. திரை, கண்ணாடிக்கும் செடிக்கும் நடுவில் வர வேண்டும். இலை கண்ணாடியைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். பொழுது சாய்ந்ததும் ஒரு அங்குல தெர்மாகோல் அட்டையைக் கண்ணாடியில் சாய்த்துவிட்டுக் காலையில் எடுத்துவிடலாம். சிமெண்ட் தரையில் தொட்டியை வைக்காதீர்கள். கீழே ஒரு பலகை. கரண்ட் போகும் ராத்திரிக்கு, 2 லிட்டர் பாட்டில் இரண்டில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றித் தொட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி, மேலே மீன் வரும் தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்தால் விடியும் வரை தாங்கும்.

வெளிச்சம் பற்றியும் ஒன்று. டிசம்பரில் நம்ம ஊர் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். ஜூனில் வெயில் வந்த வடக்கு ஜன்னலில் இப்போது ஒரு பொட்டு வெயில் வராது. தெற்கு ஜன்னலில் அறைக்குள் வரைக்கும் விழும். எனவே இடத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரு மாதம் மஞ்சில் இருந்த இலையை நேராகத் தை வெயிலில் வைத்தால் ரெண்டே நாளில் வெள்ளைத் திட்டு விழுந்து, பிறகு கருகும். முதல் இரண்டு வாரம் மெல்லிய வேட்டித் துணி மறைப்பு. மதியம் இலையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னும் உள்ளே தள்ளுங்கள்.

கொடைக்கானல்

யாரும் தண்ணீரின் குளிர்ச்சியைச் சொல்லவில்லையே. மொட்டை மாடி சின்டெக்ஸில் இருந்து காலையில் வரும் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். அதை ஃபெலனாப்சிஸ் இலையில் ஊற்றினால் உள்திசு செத்து, பள்ளம் பள்ளமாகக் கருப்புப் புள்ளி விழும். உடனே தெரியாது, சில வாரம் கழித்துத்தான் தெரியும். அப்போது பூஞ்சை என்று நினைத்து மருந்து மேல் மருந்தாக அடிப்பார்கள். பூஞ்சைப் புள்ளி பரவும், பெரும்பாலும் மஞ்சள் வளையம் இருக்கும். குளிர்ப் பள்ளம் பரவாது. வெந்நீர் கலந்து 20–22 டிகிரிக்குக் கொண்டுவந்து, காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் ஊற்றுங்கள். குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ பேப்பரைத் திரியாகச் சுருட்டி உறிஞ்சிவிடுங்கள்.

மொட்டு உதிர்வு பற்றி: கணப்புப் புகையிலும் எத்திலீன் வாயு இருக்கிறது, பழுக்கும் பழத்திலும் இருக்கிறது. மலைவாழைத் தாரைக் கட்டித் தொங்கவிட்ட அறையிலோ, பட்டர் ஃப்ரூட் பழுக்க வைத்த கூடைப் பக்கத்திலோ ஆர்கிட் வைத்தால் மொட்டு மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழும். கரிக் கணப்பைக் கதவைச் சாத்திவிட்டு அறையில் வைப்பது செடிக்கு மட்டுமில்லை, ஆளுக்கே ஆபத்து. அதைச் செய்யவே வேண்டாம். எலக்ட்ரிக் ஹீட்டரில் புகை இல்லை, ஆனால் காற்றைக் காய வைக்கும். செடி 6 அடியாவது தள்ளி இருக்கட்டும். அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அதன் மேல் தொட்டி. தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. ஈரப்பதம் 50–60 சதவீதம் இருந்தால் போதும்.

கோத்தகிரி

டெண்ட்ரோபியம் ஆர்கிட் வைத்திருப்பவர்கள் அதில் எந்த வகை என்று தெரிந்துகொண்டு பிறகு இதையெல்லாம் செய்யுங்கள். நோபிலே வகைக்கு ஐப்பசி நடுவிலிருந்து உரம் அறவே கிடையாது, ஓய்வு வேண்டும். ராத்திரி 10–13 டிகிரி, நல்ல வெளிச்சம், தண்டு லேசாகச் சுருங்கினால் மட்டும் ஒரு கை தண்ணீர். நம்ம பக்கம் அப்போதுதான் மழை கொட்டும் என்பதால் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். இலை மஞ்சளாகி உதிரும், பயப்படாதீர்கள். மொட்டையான தண்டை வெட்டாதீர்கள், பூ அதில்தான் வரும். கணுவில் வந்தது மொட்டுதான் என்று பட்டாணி அளவில் உறுதியாகத் தெரிந்த பிறகு வழக்கமான தண்ணீர். முன்கூட்டியே ஊற்றினால் பூவுக்குப் பதில் குட்டிச்செடி முளைக்கும்.

சமவெளி நர்சரியிலிருந்து வரும் சோனியா மாதிரி வகைக்கு இது எதுவும் ஆகாது. அது வெப்பத்துச் செடி. 15 டிகிரிக்குக் கீழே போனால் இலை கொட்டி, தண்டும் சுருங்கும். ஃபெலனாப்சிஸ் பக்கத்திலேயே வையுங்கள். நேர்மையாகச் சொன்னால் ஊட்டியில் அதை வளர்ப்பது வீண் சிரமம்.

சிம்பிடியத்துக்கு நேர் எதிர். குளிர் ராத்திரி இருந்தால்தான் பூந்தண்டு விடும். பாவம் என்று ஐப்பசியிலேயே ஹீட்டர் அறைக்குள் தூக்கி வைத்தால் வந்த மொட்டும் மஞ்சளாகிவிடும். கண்ணாடி வராண்டா போதும். தண்ணீரையும் முழுக்க நிறுத்தாதீர்கள்.

பெருமாள்மலை

அக்கா, சிம்பிடியம் தண்டை ராத்திரியில் ஏதோ கடித்துவிடுகிறது. இலையில் பளபளவென்று கோடு இருக்கிறது.

கோத்தகிரி

ஓடில்லாத நத்தைதான் தம்பி. மழை மாதத்தில் தொட்டியின் அடி ஓட்டையில் குடியிருக்கும். ராத்திரி 9 மணிக்கு டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். தண்டின் அடியில் பஞ்சைத் தளர்வாகச் சுற்றினால் ஏறாது, நனைந்தால் மாற்றுங்கள். மழை நின்றதும் நத்தை போய் சிவப்புச் சிலந்தி வரும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினமாதிரி ஆகும். ஈரத் துணியால் வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைத் துடைத்தாலே பாதி தீரும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில். பூவில் படக் கூடாது.

குன்னூர்

குருத்து அழுகல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடு இலையை லேசாக இழுத்தால் கையோடு வந்து, அடி பழுப்பாக இருக்கிறதென்றால் அந்தக் குருத்து திரும்பாது. செடியைத் தூக்கி எறியவும் வேண்டாம். தொட்டியைச் சாய்த்து உள்ளிருக்கும் நீரை வடித்து, டிஷ்யூவால் ஒற்றி, இலவங்கப்பட்டைத் தூளைக் குருத்துக்குள் தூவுங்கள். வேரில் தூள் பட்டால் வேர் காய்ந்துவிடும், கவனம். 10 நாள் தண்ணீர் இல்லை, ஃபேன் காற்று மட்டும். பரவினால் கார்பன்டாசிம், மான்கோசெப் கலந்த பூஞ்சை மருந்துப் பொடி லிட்டருக்கு 2 கிராம், கையுறையும் முகமூடியும் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து அடியுங்கள். தாமிர மருந்தை டெண்ட்ரோபியம் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இலை கருகும். வேர் கெட்டியாக இருந்தால் சில மாதத்தில் அடியிலிருந்து பக்கக் கன்று வரும்.

அழுகாத செடியை இப்போது தொட்டி மாற்ற வேண்டாம். குளிரில் வேர் ஓடாது, வெட்டுக்காயம் ஆறாது. மாசி கடைசி அல்லது பங்குனியில், மரப்பட்டை 6 பங்கு, அடுப்புக்கரி 3, பெர்லைட் (பொரிந்த வெள்ளைக் கல் துகள்) 1 என்று கலந்து மாற்றலாம். தேங்காய் மட்டைத் துண்டு மலைக்கு ஈரம் அதிகம் பிடிக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் கால் பங்குக்கு மேல் வேண்டாம், மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றி உப்பை எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்க்கும் வரை வெறும் தண்ணீர்தான். அதன் பின் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) லிட்டருக்கு அரை கிராம், அதுவும் நனைந்த வேரின் மேல்.