ரேடியான் அட்டையில் விளையாட்டு திக்குகிறது

கேள்வி: லினக்ஸ் கணினியில், ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 580 வரைகலை அட்டையில், திறந்த மூல வரைகலை இயக்கிகளின் தொகுதியான மீசா 22.3 கொண்டு, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக ஆடுகிறேன். புதிய இடத்திற்குள் நுழையும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்துவிடுகிறது. மூடிய மூல இயக்கிக்கு மாறினால் இது தீருமா?

மறுமொழி 1: மாற வேண்டாம், விளையாட்டுக்கு மீசாவில் ரேடியான் அட்டைகளுக்காக உள்ள ராட்வி இயக்கியே பொருத்தமானது என்பது என் கருத்து. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்கு மாற்றும், புரோட்டானுக்குள் உள்ள டிஎக்ஸ்விகே, ஒரு ஷேடர் (படத்தை வரைய அட்டையில் ஓடும் சிறு நிரல்) முதன்முறை தேவைப்படும் அந்த நொடியில்தான் அதை அட்டைக்குப் புரியும் வடிவில் தொகுக்கச் சொல்கிறது என்பதால் இந்த உறைவு ஏற்படுகிறது. ஷேடர்களை முன்கூட்டியே பகுதி பகுதியாகத் தொகுக்க உதவும் வல்கன் நீட்சி, 2023இல் வெளிவந்த மீசா 23.1 முதல் ராட்வியில் இயல்பாகவே இயங்குகிறது. ஆகவே மீசாவைப் புதுப்பியுங்கள்.

மறுமொழி 2: புதுப்பிக்கும்போது 32 பிட் மீசா மென்பொருள் பொதிகளையும் சேர்த்தே நிறுவுங்கள், பழைய விளையாட்டுகள் பலவற்றுக்கு அவை தேவை. பின்னர், எந்த வல்கன் இயக்கிகள் உள்ளன என்று காட்டும் வல்கன்இன்ஃபோ கட்டளையை இயக்கிப் பாருங்கள். அதில் அட்டையைப் பயன்படுத்தாத மென்பொருள் இயக்கியான லாவாபைப் மட்டுமே தெரிந்தால், வரைகலை வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுகிறது என்று பொருள்.