நியூட்ரான் பட்ட எஃகு: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஹாட் செல்லில், அதாவது கதிரியக்கப் பொருள்களைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் வைத்துக் கையாளும் அறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அணு உலைக்கலனின் (உலை மையத்தை உள்ளே வைத்திருக்கும் தடித்த எஃகுப் பாத்திரம்) உள்சுவரை ஒட்டி, அதே எஃகில் வெட்டிய சிறு துண்டுகளைக் கேப்சூலில் அடைத்து வைத்திருப்பார்கள். உலை மையத்துக்குக் கொஞ்சம் கிட்டே இருப்பதால், கலனுக்குப் பிற்பாடு நடக்கப்போவது இவற்றுக்கு முன்பே நடந்துவிடும். எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும்போது எப்போதாவது ஒரு கேப்சூல் எங்களிடம் வரும்.

துண்டு 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம், நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இயந்திரக் கையால் அதைச் சார்பி (Charpy) இயந்திரத்தில், அதாவது ஒரே அடியில் துண்டு எவ்வளவு ஆற்றலை வாங்குகிறது என்று அளக்கும் கருவியில், வைத்து ஊசல் சுத்தியலை விடுவோம். கதிர்வீச்சு படாத துண்டு அறை வெப்பநிலையில் கசங்கி வளையும். கிழிந்த இடம் நார்நாராக, மங்கலாக இருக்கும். உலையில் நெடுங்காலம் கிடந்தது டக்கென்று இரண்டாகும். முகம் கற்கண்டு மாதிரி மினுங்கும். அதன் ஜோடித் துண்டைச் சூடாக்கி அடித்தால் மறுபடி வளையும்! முறிவுக்கும் வளைவுக்கும் இடையிலான வெப்பநிலை மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். 41 ஜூல் ஆற்றலை வாங்கும் வெப்பநிலை எத்தனை டிகிரி நகர்ந்தது என்பதைத்தான் அறிக்கையில் எழுதுவோம்.

புதுப் பையன்கள் குழம்புவது, துண்டை இரு முனையிலும் பிடித்து இழுக்கும் இழுவிசைச் சோதனையில். அதே எஃகு அங்கே முன்னைவிட வலிமை காட்டும். நியூட்ரான் மோதி அணுக்களை இடம்பெயர்த்துவிடுவதால் படிக அடுக்குகள் வழுக்க முடியாமல் திணறும். வழுக்கினால்தானே வளைய முடியும்?

மறுமொழி: சார், நான் வெல்டிங் ஆள். பழைய கலன்களில் வெல்டுதான் முதலில் மோசமாகும், பார்த்திருப்பீர்கள். துருப் பிடிக்காமல் இருக்க வெல்டிங் கம்பிக்குத் தாமிரம் பூசிய காலம் அது. நியூட்ரான் பட்டதும் அந்தத் தாமிரம் நுண்திரள்களாகச் சேர்ந்து எஃகை இறுக்கிவிடும். நிக்கல் கூட இருந்தால் இன்னும் கெடுதல். இப்போது கம்பி வாங்கும்போது தாமிர அளவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

மறுமொழி: சரியாகச் சொன்னீர்கள். சோவியத் வடிவ விவிஇஆர்-440 (VVER-440) வகை உலைகளின் கலன்களில் பாஸ்பரஸும் சேர்ந்துகொண்டது. பின்லாந்தின் லோவீசா 1 உலையில் 1996இல் எரிபொருளை இறக்கிவிட்டு, வெல்டைச் சுற்றி 475 டிகிரிக்குச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள். இழந்த வளையும் குணம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் உலை ஓட ஓட மறுபடி இறுகத் தொடங்கும், கண்காணிப்பை விட முடியாது.

மறுமொழி: அண்ணா, ஓடும்போது கலன் 300 டிகிரிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அப்புறம் என்ன பயம்?

மறுமொழி: தம்பி, பயம் அவசர நேரத்தில். அழுத்தம் குறையாமல் இருக்கும்போதே குளிர்நீர் பாய்ந்தால் உள்சுவர் சட்டென்று குளிர்ந்து சுருங்கும், எஃகும் முறியும் வெப்பநிலைக்கு இறங்கிவிடலாம். ஏற்கெனவே அங்கே நுண்விரிசல் இருந்தால் அது சுவருக்குள் நீண்டுகொண்டே போய்விடும். அதனால்தான் சில உலைகளில் அவசர நீரையே வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள்.