அந்தப் போத்தலை எறிய வேண்டாம் மாமி

கல்லடி (மட்டக்களப்பு) வீட்டார் குழு, வெள்ளத்துக்குப் பிறகு
ஞாயிறு, 30 நவம்பர் 2025

சின்னக்கா (காலை 7:12): யாருக்காவது கரண்ட் வந்ததா? எங்கள் ஒழுங்கையில் இன்னும் இல்லை. போன் 18 வீதத்தில் நிற்கிறது, நான் பதில் போடாவிட்டால் பயப்படாதீர்கள்.

மாமி (7:20): கடைக்குப் போய் இப்பதான் வந்தேன். ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 600 ரூபாயாம். மெழுகுதிரிப் பக்கற் 300, அதே பக்கற்றைப் போன கிழமை 150க்கு வாங்கினேன். கேட்டால் "எடுக்கிறதென்றால் எடுங்கள், பின்னால் ஆட்கள் நிற்கினம்" என்கிறான். கிணற்றுக்குள் வெள்ளத் தண்ணீர் போய்விட்டது, பேரனுக்குப் பால்மா கரைக்க வேணுமே, பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் (7:24): மாமி, அந்தப் போத்தலையும் பக்கற்றையும் எறிந்துவிடாதீர்கள். பில் தந்தானா?

மாமி (7:25): பில்லா? இந்த அவதிக்குள் யார் பில் கேட்கிறது மருமகன்.

நான் (7:31): கேட்க வேணும் மாமி. கேட்டால் கடைக்காரர் தந்தே ஆக வேணும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் (2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) அப்படித்தான் இருக்கிறது. தண்ணீருக்கு இந்த வருடம் ஏப்ரல் 1 முதல் கட்டுப்பாட்டு விலை (இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற விலை) இருக்கிறது: அரை லீற்றர் 70, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130, ஐந்து லீற்றர் 350. வெள்ளத்துக்காக ஜனாதிபதி அவசரகால நிலையை அறிவித்தார் என்பதற்காக அந்த 350 இல்லாமல் போகவில்லை. உங்களிடம் 250 ரூபாய் கூட வாங்கியிருக்கிறான், அதிகார சபைக்கு அறிவித்து முறைப்பாடு செய்யலாம்.

சின்னக்கா (7:33): எங்கள் பக்கத்துக் கடையில் தக்காளி விலை கேட்டு தலை சுற்றியது. அதையும் சேர்த்து அறிவிக்கலாமா தம்பி?

மச்சான் (7:40): தக்காளியை இதோடு சேர்க்காதீர்கள் அக்கா. நானும் மரக்கறி விற்கிறவன்தான். தம்புள்ளைச் சந்தையில் இருந்து வருகிற லொறி மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளத்தால் நேரே வர முடியாமல் சுற்றி வந்தது, டீசல் செலவு போக பாதி மூடை அழுகிக் கிடந்தது. நேற்று வாங்கின விலைக்கு இன்று எனக்கே கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்ப் போத்தல் வெள்ளத்துக்கு முன்னமே கடைக்குள் அடுக்கி இருந்ததுதானே, அதற்கு ஏன் 600?

நான் (7:47): மச்சான் சொல்கிறதுதான் சரி. மரக்கறிக்குக் கட்டுப்பாட்டு விலை இல்லை, விலை கூடினது மட்டும் குற்றமாகாது. விலைப்பட்டியலைக் கண்ணுக்குத் தெரியத் தொங்கவிடாவிட்டால் குற்றம். பக்கற்றில் அச்சடித்த விலைக்கு மேல் விற்றால் குற்றம். சாமானை உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு "முடிந்துவிட்டது" என்றாலும் குற்றம். மாமி, மெழுகுதிரிப் பக்கற்றில் விலை போட்டிருக்கிறதா பாருங்கள்.

மாமி (7:58): விலை இருந்த இடத்தைக் கறுப்பு மையால் கீறி விட்டிருக்கிறான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தால் மைக்குக் கீழே 150 தெரிகிறது.

நான் (7:59): அதே மாதிரிச் சரித்துப் பிடித்து ஒரு படம் எடுங்கள் மாமி.

சின்னக்கா (8:03): கடைப் பெயரை இங்கே போடுங்கள். நான் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புகிறேன், ஊரே காறித் துப்பட்டும்.

நான் (8:10): வேண்டாம் அக்கா. அப்படிச் சுற்றவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் அது இந்த ஊர்க்காரன் அந்த ஊர்க்காரன் என்ற பேச்சாக மாறிவிடும். நேற்று நான் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இதே போத்தலை 350க்குத்தான் வாங்கினேன், கடைக்கார நானா உடைந்த பெட்டியில் இருந்து இரண்டு பிஸ்கட் பக்கற்றையும் பிள்ளைகளுக்கென்று சும்மா தந்தார். கொள்ளை அடிக்கிறவனும் நல்லவனும் எல்லா ஊரிலும் இருக்கிறான். அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அடித்துச் சொன்னால் வழக்குப் போடக்கூடிய ஆட்களுக்குப் போகும், குழுவில் போட்டால் வெறும் சத்தம்.

மாமி (8:16): ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். அந்தக் கடையில் எனக்குக் கடன் கொப்பி இருக்கிறது. மாமாவுக்கு வேலை இல்லாத ஐந்து மாதமும் அரிசியும் பருப்பும் அவன்தான் தந்தான். அவன் மேல் முறைப்பாடு செய்து, நாளைக்கு அவன் கொப்பியை மூடினால் நான் என்ன செய்வேன்?

மச்சான் (8:19): மாமி சொல்கிறதும் நியாயம்.

நான் (8:27): நியாயம்தான் மாமி, நான் இல்லை என்று சொல்லவில்லை. அவன் செய்த உதவியை மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அன்று கடன் தந்தவன் இன்று பச்சைப்பிள்ளைக்கு வாங்குகிற தண்ணீரில் 250 ரூபாய் கூட எடுக்கலாம் என்று எங்கேயும் இல்லை. நீங்கள் 600 கொடுக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற கூலி வேலைக்காரர் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை, அவர் எதைக் கொடுப்பார்? உங்கள் பெயர் வேண்டாம், என் பெயரில் செய்கிறேன்.

பெரியப்பா (8:35): 78 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக்குக் கூரையே இல்லை. அடுத்த நாள் சந்திக் கடைக்காரர் நனைந்த அரிசி மூடையை அவிழ்த்து வைத்து, முதல்நாள் விலைக்கே கொத்துக் கொத்தாய் அளந்து கொடுத்தார். காசில்லாதவனுக்கும் கொடுத்தார். நான் அதைச் சாகும்வரை மறக்க மாட்டேன். மகன், நீ போன் அடி. என் பெயரையும் சொல்லு.

நான் (8:52): 1977க்கு மூன்று தரம் எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை எடுக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு மாவட்டச் செயலகத்தில் இருக்கிற அதிகார சபை அலுவலகத்துக்கு நேரே போவேன். கட்டுப்பாட்டு விலையை மீறினால், 2021 திருத்தத்துக்குப் பிறகு, தனி வியாபாரிக்குத் தண்டம் ஒரு இலட்சத்தில் இருந்து ஐந்து இலட்சம் வரை. கம்பனி என்றால் ஐந்து இலட்சத்தில் இருந்து ஐம்பது இலட்சம்.

மாமி (9:30): மருமகன், திரும்பக் கடைக்குப் போனேன். இன்னொரு போத்தல் வேணும், பில் போட்டுத் தா தம்பி என்று கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். மறுகா ஒன்றும் பேசாமல் 350 என்று எழுதித் தந்தான்.

சின்னக்கா (9:31): பார்த்தீர்களா!

மாமி (9:33): ஆனால் எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையிடம் 600 வாங்கினான். அதை என் கண்ணால் பார்த்தேன். அவள் கையில் சில்லறை போதாமல் எண்ணி எண்ணிப் பார்த்தாள். முறைப்பாட்டில் என் பெயரையே போடுங்கள்.

நான் (9:35): சரி மாமி. கடைப் பெயரும் திகதியும் தெரிகிற மாதிரி அந்தப் பில்லைப் படம் எடுத்து அனுப்புங்கள், மை கீறின பக்கற்றையும் பக்கத்தில் வையுங்கள். இப்பவே திரும்ப எடுக்கிறேன்.