சீட்டில் நானே எழுதிப் போட்ட பெயர் எந்தக் கணக்கில் சேர்ந்தது?

ஃப்ரீமான்ட்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். குடியுரிமை வாங்கின பிறகு நான் போட்ட முதல் அதிபர் தேர்தல் ஓட்டு 2024 நவம்பர்ல. கலிபோர்னியா, தபால் ஓட்டு. அச்சடிச்ச ஆறு பேர்ல யாருக்கும் போட மனசு வரலை. ராத்திரி சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து, கடைசியா இருந்த கோட்டுல எனக்கு மரியாதை உள்ள ஒரு செனட்டர் பெயரை எழுதினேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்து ஓவலையும் கறுப்புப் பேனாவால நிரப்பினேன். சும்மா எழுதலை, ரெண்டு வாரம் யோசிச்சு எழுதினேன்.

"உங்கள் ஓட்டுச்சீட்டு எண்ணப்பட்டது"ன்னு போனுக்கு மெசேஜ் வந்தது. ஆனா கவுன்ட்டி முடிவுகளிலும் அந்தப் பெயர் இல்லை, மாநில முடிவுகளிலும் இல்லை. எண்ணியாச்சுன்னா ஒரு ஓட்டுன்னாவது எங்கேயாவது காட்டணுமே? தஞ்சாவூர்ல இருக்கிற அப்பாகிட்ட சொன்னேன். "அப்ப செல்லாத ஓட்டாப் போச்சாடா?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியலை. இந்த ரைட்-இன் ஓட்டை எப்படி எண்ணுறாங்க, எங்கே எழுதி வைக்கிறாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டெக்சாஸ்_வெயில்

நண்பரே, அதையெல்லாம் யாரும் பிரிச்சே பார்க்க மாட்டாங்க. மெஷின் "ரைட்-இன்"னு ஒரு எண்ணை ஏத்திட்டுப் போயிடும், அதோட சரி. இங்கேயும் எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் எழுதிப் பார்த்தாங்க, ஒண்ணும் வரலை. அடுத்த தடவை அச்சடிச்ச பெயருக்கே போடுங்க.

கிரானைட்_ஊர்க்காரி

டெக்சாஸ் தம்பி, யாரும் பிரிச்சே பார்க்க மாட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் பிரிச்சுப் பார்த்தவள்.

நான் இருக்கிறது நியூ ஹாம்ப்ஷயர். 2024 ஜனவரி 23 பிரைமரியில, அதாவது கட்சியோட அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டெடுப்புல, எங்க டவுன்ல ஓட்டு எண்ண ஆள் கேட்டாங்க, போனேன். அந்த வருஷம் ஜனநாயகக் கட்சி முதல் பிரைமரியை சவுத் கரோலைனாவுக்கு மாத்தியிருந்தது. எங்க மாநிலம் ஒத்துக்காம எப்பவும் போல முதல்ல நடத்திச்சு. அதனால பைடன் தன் பெயரை இங்கே பதிவு செய்யலை. சீட்டுல 21 பெயர் இருந்தது, பதவியில இருக்கிற அதிபர் பெயர் இல்லை. அவருக்குப் போடணும்னா கையால எழுதணும். மூணுல ரெண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவா அப்படி எழுதியே அவரை ஜெயிக்க வைச்சாங்க.

எங்க ஸ்கேனர் ஓவலை மட்டும்தான் பார்க்கும், கையெழுத்தைப் படிக்காது. எழுதற கோட்டுக்குப் பக்கத்து ஓவல் நிரம்பியிருந்தா அந்தச் சீட்டைப் பெட்டிக்குள்ள தனி அறைக்குத் தள்ளிடும். மத்த வருஷங்கள்ல அந்த அறையில அடியில கொஞ்சம் சீட்டு கிடக்கும். அன்னைக்குத் திறந்தப்போ தளும்பி நின்னது.

ரெண்டு ரெண்டு பேரா உட்கார்ந்தோம். ஒருத்தர் பெயரை வாய்விட்டுப் படிக்கணும், இன்னொருத்தர் கோடு போடணும், அஞ்சாவது கோடு குறுக்கே. அப்புறம் இடம் மாறி உட்கார்ந்து அதே கட்டை மறுபடி எண்ணி, ரெண்டு கணக்கும் ஒத்துப் போனாத்தான் அடுத்த கட்டு. பைடன்ல வர்ற ஐ எழுத்துக்குப் பதிலா ஒய் போட்டவங்க உண்டு, ஈயையும் ஐயையும் இடம் மாத்தினவங்க உண்டு, முழுப் பெயரோட நடு எழுத்தையும் சேர்த்து எழுதினவங்க உண்டு. அத்தனையும் அவருக்குத்தான் போச்சு, ஏன்னா யாரைச் சொல்றாங்கன்னு சந்தேகமே இல்லை. ஜனநாயகக் கட்சிச் சீட்டுலயே, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில போட்டியிட்ட டிரம்ப் பெயரையும் ஹேலி பெயரையும் சிலர் எழுதியிருந்தாங்க. காசாப் போருக்காக "போர்நிறுத்தம்"னு எழுதச் சொல்லி ஒரு இயக்கம் நடந்தது, மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல அப்படி வந்தது. அதையும் தனியா எண்ணிக் கணக்கு கொடுத்தாங்க.

ஒரு சீட்டு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. கை நடுங்குற யாரோ எழுதினது. முதல் எழுத்து கோட்டுக்கு மேல, அடுத்தது கோட்டுக்குக் கீழ, கடைசி எழுத்து பக்கத்துக் கட்டம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிருந்தது. என்கூட இருந்த அம்மா அதை விளக்குக்குக் கீழ வைச்சு நிதானமாப் படிச்சாங்க. அப்புறம் ஓட்டுப்பதிவை நடத்துற எங்க மாடரேட்டரைக் கூப்பிட்டாங்க, அவரும் பார்த்துட்டுத் தலையாட்டினார். நான் ஒரு கோடு போட்டேன்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், ஃப்ரீமான்ட் தம்பி. நான் சொன்னது எங்க ஊர் முறை. உங்க ஊர் முறை வேற. அமெரிக்காவுல அதிபர் தேர்தலை நடத்துற தேசிய தேர்தல் ஆணையம்னு ஒண்ணு கிடையாது. 50 மாநிலமும் வாஷிங்டன் டி.சி.யும் ஆளுக்கொரு சட்டம். அதிபருக்குன்னு நீங்க போடறது உண்மையில ஒரு எலெக்டர் கூட்டத்துக்குப் போடற ஓட்டு. டிசம்பர்ல கூடி அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது அவங்கதான். ரைட்-இன் விஷயம் முழுக்க இந்த ஒரு இடத்துலதான் நிக்குது. நீங்க எழுதின பெயருக்குப் பின்னால உங்க மாநிலத்துல எலெக்டர் பட்டியல் கொடுத்திருக்கணும். இல்லைன்னா அந்த ஓட்டு யாரைத் தேர்ந்தெடுக்கும்?

அதனாலதான் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் முன்கூட்டியே பதிவு செய்த ரைட்-இன் வேட்பாளருக்கு மட்டும் எண்ணுது. கலிபோர்னியாவும் அப்படித்தான். தேர்தலுக்கு முன்னாடியே மாநிலச் செயலர் சான்றளிச்ச ரைட்-இன் பட்டியல் ஒண்ணு வெளியாகும். அதுல இருக்கிற பெயரைப் பிழையா எழுதினாக்கூட, ஆள் புரிஞ்சா எண்ணுவாங்க. இல்லாத பெயரை எவ்வளவு அழகா எழுதினாலும் யார் கணக்குலயும் சேராது.

2016ல நடந்தது தெரியுமா? பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில இருந்து விலகி, அந்தக் கட்சி வேட்பாளர் கிளின்டனுக்கு ஓட்டுப் போடச் சொல்லிட்டு இருந்தார். அவரோட ஆதரவாளர்கள் கலிபோர்னியாவுல 55 எலெக்டர்களைச் சேர்த்துப் பட்டியல் கொடுத்துட்டாங்க. அவர் பெயரை எழுதின 79,341 ஓட்டு அதிகாரபூர்வமா ஏறிச்சு. 2008ல ரான் பாலுக்கும் அங்கே இதே மாதிரி 17,006. சாண்டர்ஸோட சொந்த மாநிலம் வெர்மான்ட்ல அந்த வருஷம் பட்டியல் எதுவும் தேவைப்படலை, எழுதின பெயரையெல்லாம் எண்ணிடுவாங்க. அங்கே அவருக்கு 18,218, அதாவது பதிவான ஓட்டுல 5.7 சதவீதம். வேற பல மாநிலத்துலயும் அவர் பெயரை எழுதியிருப்பாங்க. ஆனா பட்டியல் இல்லாத இடத்துல அது எத்தனைன்னு சொல்ல எந்தக் காகிதமும் இல்லை. "நாடு முழுக்க இவருக்கு இத்தனை ரைட்-இன் ஓட்டு"ன்னு யாராவது எழுதினா, எந்தெந்த மாநிலம் சேர்ந்த கணக்குன்னு கேளுங்க.

முடிவுகளை எழுதற விதமும் ஊருக்கு ஊர் மாறும். விஸ்கான்சின்ல உதிரிப் பெயர்களை "ஸ்கேட்டரிங்", அதாவது சிதறல்னு ஒரே வரியில போட்டுடுவாங்க. நியூயார்க் நகரத்துல எழுதின பெயர்களை வரிசையா அச்சடிச்சே வெளியிடுவாங்க. சில இடத்துல அது வெற்று ஓட்டோட கலந்துடும். மத்திய தேர்தல் நிதி ஆணையம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தொகுப்பு போடும், ஆனா அது மாநிலங்கள் கொடுத்ததைத் திரட்டிப் போடறதுதான்.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க: உங்க சீட்டு செல்லும். அதிபர் வரியில மட்டும்தான் யாருக்கும் சேரலை. அந்த மெசேஜ் சீட்டைப் பத்திச் சொன்னது. அதே சீட்டுல செனட்டுக்கும், பத்து மாநிலத் தீர்மானங்களுக்கும், உள்ளூர்ப் பதவிகளுக்கும் நீங்க போட்டது ஒண்ணு விடாம ஏறியிருக்கும்.

டெக்சாஸ்_வெயில்

அக்கா, மன்னிக்கணும். தெரியாமச் சொல்லிட்டேன். இங்கே எப்படின்னு தேடிப் படிச்சேன். டெக்சாஸ்லயும் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்கணும், எலெக்டர்கள் ஒவ்வொருத்தரோட சம்மதமும் வேணும். 2016ல சுயேச்சையா நின்ன எவன் மெக்முல்லின் அப்படிப் பதிவு பண்ணி 42,366 ரைட்-இன் ஓட்டு வாங்கியிருக்கார். எங்க ஆளுங்க ரெண்டு பேர் எழுதினது பதிவே செய்யாத பெயர். அதான் வரலை.

இன்னொரு சந்தேகம். அச்சடிச்ச பெயருக்கு நேரா ஓவலை நிரப்பிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு கீழே அதே பெயரை எழுதியும் வைச்சா?

கிரானைட்_ஊர்க்காரி

அதை மட்டும் செய்யாதீங்க. ரெண்டு ஓவலும் நிரம்பியிருந்தா மெஷின் ரெண்டு பேருக்குப் போட்டதா எடுத்துக்கும். யாராவது கண்ணால பார்த்தாத்தான் ஒரே ஆள்னு தெரியும்.

2000ல கோரும் புஷ்ஷும் மோதின அதிபர் தேர்தல்ல, ஃப்ளோரிடாவுல இதுதான் நடந்தது. "பெயரை எழுதவும்"னு அச்சடிச்சிருந்ததைப் பார்த்து, தான் ஓட்டுப் போட்ட ஆளோட பெயரையே எழுதிட்டாங்க. லேக் கவுன்ட்டியில மட்டும் அப்படி நூத்துக்கணக்கான சீட்டு கணக்குல சேராமப் போச்சு. கோர் ஓவல், கீழே கோர் பெயர். புஷ் ஓவல், கீழே புஷ் பெயர். அவங்க மனசுல இருந்தது பேப்பர்லயே இருக்கு, படிக்க ஆள் இல்லை. அந்த மாநிலத்தை புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல. இதை நினைக்கிறப்பல்லாம் எனக்கு வயித்தைப் பிசையும்.

அலாஸ்காவுல 2010ல நேர்மாறா நடந்தது. அது செனட் தேர்தல். லிசா முர்கோவ்ஸ்கி கட்சி பிரைமரியில தோத்துட்டு, ரைட்-இன் வேட்பாளரா நின்னார். அந்தப் பெயரைப் பிழையில்லாம எழுதறது லேசா? ஒரு லட்சத்துக்கும் மேல எழுதினாங்க. எதிர்த்து நின்ன ஜோ மில்லர் ஒரு எழுத்து தப்பினாலும் தள்ளணும்னு நீதிமன்றம் வரைக்கும் போனார். எழுத்துப் பிழையைப் பார்க்காதீங்க, வாக்காளரோட எண்ணத்தைப் பாருங்கன்னு அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. முர்கோவ்ஸ்கியே ஜெயிச்சு மறுபடி செனட்டர் ஆனார்.

மாடக்குளம்_மதுரை

நான் இந்தியாவுல இருந்து படிக்கிறேன். இங்கே 2013ல நோட்டா வர்றதுக்கு முன்னாடி 49-ஓ இருந்தது. யாருக்கும் போட விருப்பமில்லைன்னு அதிகாரிகிட்ட சொல்லி, பதிவேட்டுல எழுத வைச்சுக் கையெழுத்துப் போடணும், ரகசியமே இருக்காது. அமெரிக்காவுல நோட்டா மாதிரி ஏதாவது உண்டா? இல்லைன்னா பெயர் எழுதறதுதான் ஒரே வழியா?

கிரானைட்_ஊர்க்காரி

நெவாடாவுல மட்டும் உண்டுங்க. "இவர்களில் எவரும் இல்லை"ன்னு 1970களில இருந்தே சீட்டுல அச்சடிக்கிறாங்க. அங்கே பெயர் எழுத இடம் கிடையாது. 2016ல அந்த வரிக்கு 28,863 ஓட்டு. கிளின்டன் அங்கே டிரம்ப்பை ஜெயிச்சது 27,202 ஓட்டுல, அதைவிடக் கம்மி. ஆனா உங்க ஊர் நோட்டா மாதிரிதான், அதுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து இருக்கிற ஆள்தான் ஜெயிச்சவர்.

எழுதவே இடம் தராத மாநிலங்கள் இன்னும் இருக்கு. ஹவாயில ஆலன் பர்டிக்னு ஒரு வாக்காளர், தன் தொகுதியில ஒரே ஒருத்தர்தான் நிக்கிறார்னு, வேற பெயர் எழுதற உரிமை கேட்டு வழக்குப் போட்டார். 1992ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமை இல்லைன்னு சொல்லிடுச்சு. ஒன்பது நீதிபதிகள்ல மூணு பேர் ஒத்துக்கலை. நான் அந்த மூணு பேர் பக்கம். ஜெயிக்காட்டியும் பரவாயில்லை, எழுத ஒரு கோடாவது விட்டிருக்கலாம்.

ஃப்ரீமான்ட்_வாசி

அக்கா, ரொம்ப நன்றி. மாநிலச் செயலர் வெளியிட்ட ரைட்-இன் பட்டியலைத் தேடிப் பார்த்தேன், நான் எழுதின பெயர் அதுல இல்லை. தேர்தலுக்கு முன்னாடியே இதைப் பார்த்திருக்கணும். அப்பாகிட்ட நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். "மத்த ஓட்டெல்லாம் சேர்ந்துச்சுல்ல, சரி"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப நீ எழுதின அந்தக் காகிதம் எங்கேடா இருக்கும்?"னு கேட்டார்.

கிரானைட்_ஊர்க்காரி

மத்திய அரசுப் பதவிக்கான தேர்தல்னா, அது சம்பந்தப்பட்ட காகிதங்களை 22 மாசம் பத்திரமா வைக்கணும்னு சட்டம். நவம்பர் 2024ல இருந்து எண்ணினா 2026 செப்டம்பர் வரைக்கும். உங்க கவுன்ட்டி கிடங்குல, சீல் வைச்ச ஏதோ ஒரு பெட்டிக்குள்ள, உங்க கையெழுத்துல அந்தப் பெயர் அதுவரைக்கும் இருக்கும்னு அப்பாகிட்ட சொல்லுங்க.